ஒரு வாரம், தனி ஆளு, கோஸ்டா ரிக்கா: காசுக்கு புடிச்ச கேடா?

26 மே 2024, கேள்வி

மத்திய அமெரிக்காவுல இருக்கற கோஸ்டா ரிக்காவுக்கு ஒரு வாரம் தனியா போறேன்னு இங்க ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. என்னைக் கேட்டா காசுக்கு புடிச்ச கேடு. ஹனிமூன் ஜோடியும் ரிட்டயர் ஆன அமெரிக்கக்காரங்களும் போற ஊரு அது. ஜூன்ல போனா மழை, சைவம்னா பட்டினி, ஸ்பானிஷ் தெரியலைன்னா ஊமை. அந்த காசுக்கு ஊருக்கு ஒரு டிக்கெட் போட்டுடலாம். இல்லைன்னு சொல்றவங்க சொல்லுங்க பாப்போம்.

26 மே, ராத்திரி

அந்த "ஒருத்தங்க" நான்தான். இல்லைன்னு சொல்ல இன்னும் போகவே இல்ல, ஆனா டிக்கெட் போட்டாச்சு, கேன்சல் பண்ணா காசு திரும்பாது. ஹூஸ்டன்ல இருந்து நாலு மணி நேரம் கூட இல்ல. ஜூன் 15 போய் 22 திரும்புறேன். வயசு 43, கல்யாணம் ஆகி பதினெட்டு வருஷத்துல தனியா போன ஒரே பயணம் சித்தப்பா சாவுக்கு தென்காசி போனது. அதையெல்லாம் கணக்குல சேக்க முடியாது.

பிளான்: தலைநகர் சான் ஹோசேல ஒரு ராத்திரி, பீச்சுக்கு மனுவேல் அந்தோனியோ ரெண்டு, எரிமலைக்கு லா ஃபோர்த்துனா ரெண்டு, மேகக்காட்டுக்கு மோன்தேவெர்தே ரெண்டு. மேப்ல பாத்தா எல்லாம் கைக்கெட்டற தூரம்தான். கேரளாவை விட கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான் நாடு.

2 ஜூன்

இங்க ஒருத்தர் சுட்டிக்காட்டினது சரி. மனுவேல் அந்தோனியோ பார்க் செவ்வாய்க்கிழமை லீவு. என் பிளான்ல பார்க்குக்கு வெச்சிருந்த நாளே செவ்வாய்தான்! டிக்கெட்டும் ஆன்லைன்ல முன்னாடியே எடுக்கணுமாம், கேட்ல போய் நின்னா கிடைக்காது. நாளை மாத்திப் போட்டு பாத்தேன், ஒண்ணை இழுத்தா இன்னொண்ணு வருது. கடைசில பீச்சையே வெட்டிட்டேன். ஹூஸ்டன் பக்கத்துல கால்வெஸ்டன் இருக்கு, கடல் பாக்கணும்னா அங்க போய் அழுதுக்கறேன்.

சென்னைல இருந்து ஒரு தம்பி விசா கேட்டிருந்தார். நான் கிரீன் கார்டு, அதனால தனி விசா எடுக்கல. இந்திய பாஸ்போர்ட்ல செல்லுபடியாகற அமெரிக்க மல்டிபிள் என்ட்ரி விசா இருந்தாலும் உள்ள விடறாங்க, ஆனா இந்த ரூல் அப்பப்ப மாறும் தம்பி, எந்த வகை விசாங்கறது வரைக்கும் டெல்லில இருக்கற அவங்க எம்பசில கேட்டுட்டு டிக்கெட் போடுங்க. திரும்பி வர டிக்கெட்டை பிரிண்ட் எடுத்து கையிலயே வெச்சுக்குங்க.

15 ஜூன், சான் ஹோசே

வந்துட்டேன். மழை. கேள்வி கேட்டவர் சந்தோஷப்படலாம்.

கார் எடுக்கலாம்னு ஒரு வாடகை கம்பெனில நாளைக்கு ஒன்பது டாலர்னு புக் பண்ணியிருந்தேன். பேரு வேண்டாம். கவுன்டர்ல போய் நின்னா இன்சூரன்ஸ் கட்டாயமாம், எல்லாம் சேத்து நாளைக்கு அறுபது கிட்ட வருது. இன்சூரன்ஸ் கட்டாயம்ங்கறது நெஜம்தான், நாட்டு சட்டமே அப்படி, மூணாம் ஆளுக்கான இன்சூரன்ஸ் உள்ளூர்லதான் எடுத்தாகணும், நம்ம கிரெடிட் கார்டு இன்சூரன்ஸ் அதுக்கு செல்லாது. என் கோவம் அதுல இல்ல, புக் பண்ணும்போது அதை ஏன் எறும்பு சைஸ் எழுத்துல போட்டீங்கங்கறதுல. வேண்டாம்னுட்டு வெளிய வந்துட்டேன். வெளிய வந்தப்புறம்தான் கார் இல்லாம ஒரு வாரம் என்ன பண்ணப் போறேன்னு வயித்தை கலக்குச்சு.

16 ஜூன், லா ஃபோர்த்துனா

பஸ்! சான் ஹோசேல செவன் டென் டெர்மினல்னு ஒண்ணு, அங்க இருந்து லா ஃபோர்த்துனாவுக்கு நேர் பஸ் இருக்கு, நாலரை மணி நேரம் ஆச்சு, காசு ஆறு டாலர் கூட இல்ல. மலைப்பாதை. கொல்லிமலை போன வயிறு இருந்தா தாங்கும். பக்கத்து சீட்டு பாட்டி என் மூஞ்சியைப் பாத்துட்டு பையில இருந்து எலுமிச்சம்பழம் ஒண்ணு எடுத்து நகத்தால கீறி கையில குடுத்தாங்க. என்ன பேசினாங்கன்னு ஒரு வார்த்தை புரியல. மோந்துக்கிட்டே வந்து சேந்தேன்.

மத்தியானம் "சோடா"ன்னு போர்டு பாத்து, நல்லா சில்லுனு ஒண்ணு குடிப்போம்னு உள்ள போயிட்டேன். சிரிக்காதீங்க. அங்க சோடான்னா மெஸ். பாட்டில் சோடா எல்லாம் இல்ல. காசாதோன்னு ஒரு தட்டு குடுத்தாங்க, நம்ம மீல்ஸ் மாதிரி, சோறு, கறுப்பு பீன்ஸ், முட்டைக்கோஸ் சாலட், பழுத்த நேந்திரம்பழ வறுவல், கூட கோழியோ மீனோ நம்ம இஷ்டம்.

தட்டு ஓரத்துல ஒரு கூட்டு மாதிரி வெச்சிருந்தாங்க. பொடிசா நறுக்கி வெளிறிப்போன பச்சையில, நடுநடுவுல சோளமுத்து. வாயில போட்டதும் ஒரு நிமிஷம் கை நின்னு போச்சு. சௌசௌ! எங்க அம்மா வாரத்துக்கு மூணு நாள் செஞ்சு போட்டு நாங்க மூஞ்சி சுளிச்ச அதே சௌசௌ. இங்க பேரு சயோத்தே. யோசிச்சா இது அவங்க காய்தான், இந்தப் பக்கத்துல இருந்துதான் நம்ம ஊருக்கு வந்துச்சு, நாமதான் பெங்களூர் கத்திரிக்காய்னு பேரு வெச்சுக்கிட்டோம். கடுகும் தேங்காயும் இல்லாம மொட்டையா இருந்துச்சு. ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினேன்.

இன்னைக்கு ஃபாதர்ஸ் டே, இங்கயும்தான். மெஸ் முழுக்க அப்பாவும் பிள்ளைகளும் தாத்தாவுமா பெரிய பெரிய மேசை. நான் மட்டும் ஓரத்துல ஒத்தை ஆளா. புருஷனையும் பையனையும் இந்த நாள்லயா விட்டுட்டு வருவாங்க? தேதி பாக்காம டிக்கெட் போட்ட லட்சணம்.

16 ஜூன், ராத்திரி

ஆறு மணிக்கெல்லாம் கும்மிருட்டு. நிலநடுக்கோட்டுக்கு பக்கம்ங்கறதால வருஷம் பூரா இப்படித்தானாம். ஹூஸ்டன்ல இப்ப எட்டரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும். ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் ஒரு தனி ஆளு என்ன பண்றது? யாரும் இதை எழுதி வெக்கல. பகல்ல தனிமை தெரியவே இல்ல, இந்த மூணு மணி நேரம்தான் கொல்லுது.

ஆறரைக்கு அம்மா போன். அங்க மறுநாள் காலை ஆறு மணி, பதினொண்ணரை மணி நேர வித்தியாசம். சாப்பிட்டியா, கதவு தாழ் சரியா இருக்கா, அங்க கோயில் இருக்கா. சௌசௌ சாப்பிட்டேன்னேன். அதுக்கா அவ்வளவு தூரம் போனேன்னாங்க.

17 ஜூன்

எரிமலை தெரியல. மேகம். ஊர் முழுக்க எரிமலை படம், ஹோட்டல் டவல்ல எரிமலை, எரிமலை மட்டும் இல்ல.

ஆனா ஸ்லாத் பாத்தேன்!! அதான், மரத்துலயே தொங்கிக்கிட்டு மெதுவா நகருமே, அந்த சோம்பேறி விலங்கு. ஹோட்டல் பின்னாடி மரத்துல, உச்சிக் கிளையில, பழுப்பா உருண்டையா. இருபது நிமிஷம் அசையாம நின்னு பாத்தேன். அதுவும் அசையல.

17 ஜூன், சாயங்காலம்

திருத்தம். அது கரையான் புத்து. மரத்து மேல கட்டுதுங்க இங்க. ஹோட்டல்ல கூட்டற அம்மா சொல்லி சிரிச்சாங்க, தினம் யாராவது ஒருத்தர் அந்த புத்தை போட்டோ எடுக்கறாங்களாம்.

18 ஜூன்

காலை அஞ்சேகாலுக்கு முழிப்பு, ஜன்னலைத் திறந்தா அரெனால் எரிமலை முழுசா நிக்குது. அச்சு அசல் சின்னப்பசங்க வரையற மலை, முக்கோணம். பல் விளக்காம அப்படியே நின்னேன். பத்து நிமிஷம் இருக்கும், மறுபடி திரை போட்டாச்சு.

1968 ஜூலைல வெடிச்சு பக்கத்து ஊருங்களை அழிச்ச மலை இது, 87 பேர் போயிட்டாங்க. அப்புறம் 2010 வரைக்கும் ராத்திரில சிவப்பா கல்லு உருண்டுக்கிட்டே இருந்துச்சாம், அதைப் பாக்கத்தான் கூட்டமே வந்துச்சு. இப்ப தூங்குது. வெடிப்பு மேற்குப் பக்கம் போனதால கிழக்குல இருந்த இந்த ஊரு தப்பிச்சுது, அதனாலதான் அதிர்ஷ்டம்னு அர்த்தம் வர்ற ஃபோர்த்துனாங்கற பேரு.

அருவிக்கும் போனேன். ஐநூறு படி கிட்ட இறங்கணும், அதே ஐநூறை ஏறணும், முட்டி என்னைக் கெட்ட வார்த்தைல திட்டுச்சு. எழுபது மீட்டர் உயரம், ஒத்தை வெள்ளைக் கோடா விழுது, சுத்தி பச்சை. அழகுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா அருவிக்கு கீழ நிக்க விட மாட்டாங்க! தள்ளி நின்னு பாக்கணும், கீழ ஓடற தண்ணில முங்கிக்கலாம். குத்தாலத்துக்காரிக்கு இது பெரிய அவமானம். அருவின்னா தலைல விழணும், கழுத்து நரம்பு விடணும், பக்கத்துல யாரோ எண்ணெய் தேச்சுக்கிட்டு நிக்கணும். பதினெட்டு டாலர் குடுத்து அருவிய சும்மா பாத்துட்டு வந்தேன்னு அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

அதுக்கு ஈடு கட்டினது சுடுதண்ணி ஆறு. எரிமலைச் சூட்டுல ஆறே வெந்நீரா ஓடுது. தபக்கோன்ல பெரிய ரிசார்ட் உள்ள போக கையைக் கடிக்கும், ஆனா அதே தண்ணி ரோட்டோரமா வெளியவும் ஓடுது, அங்க ஓசி. உள்ளூர் ஆளுங்க பாத்திரத்துல சோறு கொண்டு வந்து குடும்பமா உக்காந்திருக்காங்க. மழை மேல சில்லுனு, இடுப்பு வரைக்கும் வெந்நீர். பை மேல ஒரு கண்ணு இருக்கணும், தனியா போறவங்களுக்கு அதான் ஒரு தொல்லை, பையைப் பாத்துக்க ஆள் இல்ல. நான் செருப்பையும் பையையும் ஒரு பாட்டிகிட்ட கை ஜாடைல ஒப்படைச்சேன். பாட்டிங்க புண்ணியத்துலதான் இந்த டிரிப்பே ஓடுது.

19 ஜூன், மோன்தேவெர்தே

ஃபோர்த்துனாவுல இருந்து இங்க காக்கா பறந்தா இருபத்தஞ்சு கிலோமீட்டர். ரோட்டுல ஏரியைச் சுத்தி வந்தா மூணரை நாலு மணி நேரம். அதனால வேன், படகு, வேன்னு மாத்தி மாத்தி கொண்டு வர்றாங்க, முப்பத்திரண்டு டாலர். ஏரி மனுஷன் பெருசாக்கினது, 1979ல அணை கட்டி மின்சாரத்துக்கு, பழைய அரெனால் ஊரு தண்ணிக்கடியில இருக்கு. அக்கரைல இருந்து ஏர்ற ரோடு... மண்டை வேன் கூரைல ரெண்டு தடவை இடிச்சுது.

சைவம் கேட்டவருக்கு: "சின் கார்னே"ன்னு மட்டும் சொல்லாதீங்க. கார்னேன்னா இவங்களுக்கு மாட்டுக்கறி, பன்னிக்கறிதான். கறி வேண்டாம்னு சொன்ன என் பக்கத்து மேசை ஜெர்மன் பொண்ணுக்கு சிரிச்சுக்கிட்டே கோழி கொண்டு வந்து வெச்சாங்க. கோழி இல்ல, மீன் இல்லன்னு தனித்தனியா சொல்லணும், போயோ, பெஸ்காதோ. காலைல காயோ பிந்தோ, பழைய சோறும் கறுப்பு பீன்ஸும் போட்டு வதக்கினது, அது கண்ண மூடிட்டு சாப்பிடலாம், முழு சைவம்.

20 ஜூன்

ராத்திரி காட்டு நடை போனேன், ஆறு டு எட்டு. என் ஆறு மணி பிரச்னைக்கு மருந்து கிடைச்சுடுச்சு! டார்ச் அடிச்சு கைடு காட்டினது: செவப்புக் கண்ணு தவளை ஒண்ணு, தூங்கற டூக்கன் குருவி பஞ்சு உருண்டை மாதிரி, அப்புறம் கிளையோட கிளையா ஒரு பச்சை விரியன். பழைய குத்தாலம் பக்கம் நாங்க பாத்த மூங்கில் விரியனுக்கு பெரியப்பா மகன் மாதிரியே இருந்துச்சு. கடைசில ஸ்லாத். நெஜமான ஸ்லாத், ரெண்டு விரல் வகை, கை நீட்டுச்சு. அந்தக் கையை நீட்டி அடுத்த கிளையைப் பிடிக்கறதுக்குள்ள நான் ஒரு தும்மல் போட்டு, மூக்கு சிந்தி, கைக்குட்டையை மடிச்சு பைல வெச்சுட்டேன். வாரத்துக்கு ஒரு தடவைதான் மரத்தை விட்டு இறங்குமாம், அதுவும் வெளிக்கிருக்க.

அம்மாகிட்ட சொன்னா தேவாங்கான்னு கேட்டாங்க. இங்கயும் ரெண்டு பேர் தேவாங்குன்னு எழுதியிருக்கீங்க. இல்லைங்க. தேவாங்கு குரங்கு வகையறா, இது எறும்புத்தின்னிக்கு சொந்தக்காரன். மூஞ்சி மட்டும்தான் ரெண்டுக்கும் ஒரே மாதிரி பாவமா இருக்கும்.

பகல்ல மேகக்காடு. 1400 மீட்டருக்கு மேல, குளிருது, ஸ்வெட்டர் கொண்டு வராத மடச்சி நான். இந்தக் காடு மிச்சம் இருக்கறதுக்கு ஒரு கதை இருக்கு. அமெரிக்காவுல அலபாமாவுல இருந்த குவேக்கர்னு சொல்ற கிறிஸ்தவக் கூட்டம், சண்டை போடறது பாவம்னு நம்பறவங்க, பட்டாளத்துல பேர் குடுக்க மாட்டேன்னு சில பேர் ஜெயிலுக்கே போனாங்க. இந்த நாடு 1948ல ராணுவத்தையே கலைச்சிடுச்சுன்னு கேள்விப்பட்டு 1951ல குடும்பம் குடும்பமா இங்க வந்து மாடு வளத்து சீஸ் பண்ண ஆரம்பிச்சாங்க. ஓடைத் தண்ணி வத்திடக் கூடாதுன்னு மலை உச்சில இருந்த காட்டை மட்டும் வெட்டாம விட்டாங்க. தண்ணிக்காக விட்ட அந்தக் காட்டைச் சுத்திதான் 1972ல ரிசர்வ் வந்துச்சு. இவ்வளவு பாத்தும் தங்கத் தேரைய காப்பாத்த முடியல. உலகத்துலயே இந்த மலைல மட்டும் இருந்த ஆரஞ்சு கலர் தேரை, 1989ல ஒண்ணு பாத்தாங்க, அதோட சரி.

கெட்சால் பறவை பாத்தீங்களான்னு கேட்டா, பச்சையா ஏதோ வால் போச்சு. கரையான் புத்து அனுபவத்துக்கு அப்புறம் நான் எதையும் சத்தியம் பண்றதில்ல.

21 ஜூன், மறுபடி சான் ஹோசே

வழி கேட்ட கூத்து. ஹோட்டல் விலாசம் இப்படி: சர்ச்ல இருந்து 300 மீட்டர் தெற்கு, 50 மீட்டர் மேற்கு. வீட்டு நம்பர், தெரு பேர் எல்லாம் யாரும் பாக்கறதில்ல. 100 மீட்டர்னா நெஜ மீட்டரும் இல்ல, ஒரு தெரு முக்கு. பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாடி மாவு மில்லுக்கு எதிர்லன்னு வளந்த எனக்கு இது கை வந்த கலை, அந்த ஜெர்மன் பொண்ணுதான் போனைத் திருப்பித் திருப்பி அழுதுச்சு.

சாயங்காலம் தேசிய மியூசியம். முன்னாடி அது ராணுவ முகாம். 1948 டிசம்பர் 1 அன்னைக்கு அப்போ நாட்டுத் தலைவரா இருந்த ஃபிகேரெஸ் சம்மட்டியால அந்தக் கோட்டைச் சுவரை இடிச்சு இனி ராணுவம் கிடையாதுன்னு சொன்ன இடம். மூலைக் கோபுரத்துல குண்டு பட்ட ஓட்டை இன்னும் இருக்கு. ஒரு ஓட்டைல விரல் விட்டுப் பாத்தேன், ரெண்டாவது கணு வரைக்கும் போச்சு. உள்ள நுழைஞ்சா பட்டாம்பூச்சித் தோட்டம்.

24 ஜூன், வீடு

கணக்கு கேட்டவங்களுக்கு: பிளைட் 380, தங்கின ஏழு ராத்திரி 410, வண்டி படகு பஸ் எல்லாம் 120 சுமார், கைடு டிக்கெட் 170, சாப்பாடு 190. சுமாரா 1270 டாலர். ரெஸ்டாரண்ட் சாப்பாட்டு பில்லுல 13 சதவீத வரியும் 10 சதவீத சர்வீசும் சேத்தே போட்டுடறாங்க, அது தெரியாம முதல் ரெண்டு நாள் மேல டிப் வெச்ச வள்ளல் நான். தனி ஆளுன்னா ரூம் வாடகை பாதியாகாது. அந்த ஒரு விஷயத்துல கேள்வி கேட்டவர் சொன்ன கேடு உண்மை.

நாலு இடம் போட்ட என் பிளான் சுத்த முட்டாள்தனம். ரெண்டு இடம் போதும், அதுலயே எனக்கு ஒரு நாள் பத்தல.

9 ஜூலை

ரெண்டு திருத்தம். கறுப்பு பீன்ஸ் முழு சைவம்னு எழுதினேன், சில மெஸ்ஸுல பன்னிக் கொழுப்பு போட்டு வேகவெக்கறாங்களாம், "மாந்தேக்கா" போட்டிருக்கான்னு கேட்டுக்கணும். கண்ண மூடிட்டு சாப்பிடலாம்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க.

ரெண்டாவது, ஃபோர்த்துனா பேர்க் கதை தப்பு. வேன்காரர் சொன்னதை அப்படியே எழுதிட்டேன். 1968க்கு முன்னாடியே அந்தப் பேர்தான், மண்ணு வளமா இருந்ததால வெச்சதாம். வெடிப்புக்கு அப்புறம் கதை தானா ஒட்டிக்கிச்சு.

30 ஜூலை

தனியா போனதுல என்ன கிடைச்சுதுன்னு கேட்டிருக்கீங்க. பெருசா ஒண்ணும் சொல்லத் தெரியல. அந்த நாட்டுல நிறைய பேர் எல்லாரையும் நீங்கன்னுதான் கூப்பிடறாங்க, உஸ்தேத், கடைக்காரர் தன் நாயைக்கூட. "நீங்க கொஞ்சம் தள்ளிப் படுங்க"ன்னு நாய்கிட்ட சொல்ற தொனி. ஒரு வாரம் யாருக்கும் அம்மாவா மனைவியா மருமகளா இல்லாம வெறும் நீங்கவா இருந்தேன். அது புடிச்சிருந்துச்சு. அஞ்சாவது நாள் போரடிச்சுது, அதுவும் உண்மை. ஷூ இன்னும் காயல, காரேஜ்ல நாறிக்கிட்டு கிடக்கு.

18 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் டிசம்பர்ல போறாராம்! தனியாவான்னு கேட்டேன், பதில் இல்ல. சார், டிசம்பர்னா பசிபிக் கடல் பக்கம் மழை கம்மி, விலை ஜாஸ்தி, இப்பவே ரூம் போடுங்க. செவ்வாய்க்கிழமை பாத்துக்குங்க.

பர்ஸை உதறினப்போ ஒரு பத்தாயிரம் கொலோன் நோட்டு விழுந்துச்சு. இங்க பேங்க்ல மாத்த மாட்டேங்கறாங்க. பத்தொன்பது டாலர் சில்லறைதான், ஆனா பின்பக்கம் ஸ்லாத் படம் போட்டிருக்கு, தெளிவா, மூணு விரலும் தெரியுது. வேணும்னா சொல்லுங்க, தபால்ல அனுப்பறேன். கரையான் புத்து இல்ல, நானே செக் பண்ணிட்டேன்.